தெத்துப்பல்லுக்கு விலை கேட்ட கதை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது என்று சொன்னால் நீங்கள் நல்லவிதமாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நல்ல சிரிப்பு இல்லை. சிரித்தவன் நான்.

போன ஆடி மாதம், மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஐம்பத்தோரு வருடமாக அதோடு ஒற்றுமையாகத்தான் இருந்துவந்தேன். புதுப் புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் கேட்ட பதிப்பாளர், கொஞ்சம் சிரித்த மாதிரி அனுப்புங்கள் என்று எழுதியதும் வந்தது வினை. வேறு இரண்டு இடங்களில் வாங்கிய எஸ்டிமேட் சட்டைப்பையில் இருந்தது. மூன்றாவதை வாங்கத்தான் அங்கே போயிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா வரவேற்பு மேசையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மீன் கூடை வெளியே வாசல் ஓரமாக இருந்தது. மகளுக்குப் பல்லில் கிளிப் போட என்ன ஆகும் என்று கேட்டார். மேசையில் இருந்த பெண் ஒரு தொகை சொன்னாள். அந்த அம்மா கண் இமைக்காமல் அதில் பாதிக்கும் கீழே ஒரு தொகையைச் சொல்லி, முடித்துக் கொடு என்றார். மேசைப் பெண் சிரித்துவிட்டாள். காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. அந்த அம்மா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். அவர் பெயர் தெரியாது, மகளின் முகம் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. மூன்று இடத்தில் நான் விலை கேட்டால் அது விவரம், அவர் கேட்டால் வேடிக்கையா? சட்டைப்பையிலிருந்த இரண்டு காகிதங்களையும் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். செய்த தப்புக்கு ஒரு கதை எழுதித் தீர்ப்பது மலிவான பரிகாரம் என்று எனக்கும் தெரியும்.

அவருக்குப் பாக்யலட்சுமி என்று பெயர் வைக்கிறேன். மகள் ஜெயசித்ரா.*

*நேரில் பார்த்தபோது "அவர்". கதைக்குள் காலெடுத்து வைத்ததும் "அவள்" ஆகிவிடுகிறார். கதை எழுதுகிறவர்களின் திமிர் இது. பொறுத்துக்கொள்ளவும்.

2

எப்படித் தொடங்குவது?

(அ) "அந்தக் குளிர்பதன அறைக்குள் அவளுக்கு முன்னால் மீன் வாசனை நுழைந்

[நிறுத்தினேன். அன்று அந்த அறையில் அடித்தது கிராம்புத் தைல வாசனை. மீன் வாசனையை நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன். மீன் விற்கிறவள் என்றால் மூக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?]

(ஆ) "ஞாயிற்றுக்கிழமை ஜெயசித்ராவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பாக்யலட்சுமிக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பல்

[இதுவும் வேண்டாம். ஒரு பெண் தன் பல்லைச் சரிசெய்துகொள்ள ஆசைப்பட்டால் அதற்கு ஒரு மாப்பிள்ளை வந்தே ஆக வேண்டுமா? என் சந்துக்கு எந்த மாப்பிள்ளை வந்தான்? ஜெயசித்ராவின் காரணம் வேறு. அது என்ன என்று இதை எழுதும்போது எனக்கே தெரியாது.]

(இ) "ஜெயசித்ரா தன் அம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு உதவி. விலை பேசிக் கொடு."

இது நிற்கும்போலத் தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு போகிறேன்.

3

ஜெயசித்ரா தன் அம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு உதவி. விலை பேசிக் கொடு.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. நேரு வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மேல்வரிசையில் இடதுபக்கத்துக் கோரைப்பல் ஒன்று வரிசையில் நிற்காமல் முன்னால் வந்து நிற்கும். அந்தத் தெத்துப்பல்லை உள்ளே தள்ள வேண்டும். கிளிப் போட்டால் ஒன்றரை வருடத்தில் சரியாகிவிடும் என்று விசாரித்து வைத்திருந்தாள். அதற்கு வேண்டியதையும் சம்பளத்தில் சேர்த்துவிட்டாள். ஆனால் பேரம் பேச வராது. அவள் கடையில் அட்டையில் போட்டதுதான் விலை.

அம்மாவோ விலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விடியும்போது ஏலத்தில் மீன் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கிறவள். படகு வந்து மீன் கொட்டியதும் ஒரு தரம் பார்ப்பாள். அவ்வளவுதான், அவள் மனசுக்குள் விலை விழுந்துவிடும். பங்குனி மாதம் ஒரு நாள், வம்பாகீரப்பாளையத்து வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மகள் இதைக் கேட்டாள். பாக்யலட்சுமி அவள் முகத்தைப் பார்க்காமல், சரி பாக்குறேன் என்றாள்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையில் கிடந்தன, கையில் நேரம் இருந்தது. பாக்யலட்சுமி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பல் மருத்துவமனைகளுக்குப் போய்வர ஆரம்பித்தாள்.

முதல் இடத்தில் நாற்பத்தைந்தாயிரம் என்றார்கள். இரண்டாவது, ரெட்டியார்பாளையத்தில், முப்பத்தெட்டு. மூன்றாவது இடத்தில் ஐம்பத்திரண்டு. நானாக இருந்தால் முப்பத்தெட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். பாக்யலட்சுமி ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி கேட்டாள். "இதுல ஐஸு எவ்வளவு?"

அவர்களுக்குப் புரியவில்லை. மீன் பெட்டியை எடை போட்டால் ஐஸும் சேர்ந்துதான் நிற்கும். ஐஸைக் கழித்தால்தான் மீன். அதை அவள் பொறுமையாக விளக்கினாள். எக்ஸ்ரே இந்த விலைக்குள்ளா, வெளியிலா? இடம் பண்ண வேறு பல் பிடுங்கினால் அது யார் கணக்கு? மாதாமாதம் கம்பி முறுக்க வரும்போது தனியாக வாங்குவீர்களா? கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்குப் போகாமலிருக்க ஒரு தகடு மாட்ட வேண்டுமாமே, அது? முதல் இடத்தில் எல்லாமே வெளியில் இருந்தன. இரண்டாவது இடத்தில் ஒவ்வொரு வருகைக்கும் ஐந்நூறு, எக்ஸ்ரேயும் தகடும் வேறு. மூன்றாவது இடத்தில் மட்டும் எல்லாம் உள்ளே. ஐஸைக் கழித்துப் பார்த்தால், அதிகம் சொன்ன ஐம்பத்திரண்டுதான் இருப்பதில் குறைச்சல்.

ஒரே வாரத்தில் அவளுக்கு இது தெரிந்துவிட்டது. மகளிடம் சொல்லவில்லை. இன்னும் நாலு இடம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

4

இப்போது அய்யப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

[கடைசிவரை அவனை மறைத்துவைத்து, முடிவில் வெளியே எடுக்கலாம் என்று ஒரு ஆசை இருந்தது. நல்ல மீனை மேலே பரப்பி, கெட்டுப்போனதை அடியில் வைத்து விற்கிற வேலை அது. பாக்யலட்சுமி கதையில் அதைச் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது.]

அய்யப்பன் தேங்காய்த்திட்டில் ஏலம் விட்டவன். பாக்யலட்சுமி ஏலம் கேட்க வந்தவள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மூன்று முறை கூவி முடித்தால் மீன் கை மாறிவிடும். அவள் கேட்ட விலை நிற்கும்போது மட்டும் அவன் மூன்றாம் தரத்தைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுவான். வேறு யாராவது கேட்ட விலை நின்றால், இரண்டாம் தரத்தைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறுவான், இருமுவான், படகைப் பார்ப்பான். அவள் யோசித்து மேலே கேட்க நேரம் கொடுப்பானாம். நாலு மாதத்தில் துறைமுகத்துக்கே தெரிந்துபோய், மற்ற பெண்கள் ஒன்றுகூடிச் சத்தம் போட்டார்கள். ஒன்று அவளைக் கட்டிக்கொள், இல்லை ஒழுங்காக ஏலம் விடு என்றார்கள். அவன் சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் அவன் மேலுதடு உடனே இறங்காது. இடதுபக்கத் தெத்துப்பல்லில் மாட்டிக்கொண்டு, ஒரு நொடி கழித்துத்தான் இறங்கும். பாக்யலட்சுமி அந்த ஒரு நொடியைப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுக்கையில் கிடந்து, அவன் போய்ச் சேர்ந்தான்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் இருக்கும். போனில் எதையோ பார்த்து ஜெயசித்ரா தன்னை மறந்து சிரித்தாள். சிரிப்பு முடிந்தது. உதடு பல்லில் மாட்டி நின்றது. பாக்யலட்சுமி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று தொடங்கியது. மகள் சிரிக்கும்போதெல்லாம் அவள் வேறு எங்காவது பார்த்துவிடுவாள். பார்த்தால் அழுகை வந்துவிடும். பிள்ளை சிரிக்கும்போது பெற்றவள் அழுதால் நன்றாகவா இருக்கும்? ஒரு நொடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பல்லைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. அது இல்லாமல் போவதை நினைக்கவும் முடியவில்லை. வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடலாம். ஆனால் பல் இருப்பது மகளின் வாயில், ஆசையும் அவளுடையது, சம்பாதித்ததும் அவள். செத்துப்போன அப்பாவைச் சொல்லி அவள் ஆசையை அடக்குவதா? வேறு வழி தெரியாமல் பாக்யலட்சுமி தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். விலை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

5

ஏலத்தில் கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறவள், ஒரு பல்லுக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள்.

நாலாவது இடத்தில் டாக்டர் ரொம்பச் சின்னவராம். ஐந்தாவது இடத்தில் ரொம்ப வயசானவராம், கை நடுங்குகிறதாம். கோரிமேட்டில் குறைவாக முடியுமே, கேட்டாயா என்று ஜெயசித்ரா ஒரு நாள் கேட்டாள். கேட்டேன், நாள் ஆகுமாம் என்றாள் பாக்யலட்சுமி. அது பொய். கோரிமேட்டுக்கு பஸ் ஏறியது உண்மை. நிறுத்தத்தில் இறங்கி, மஞ்சள் பைகளோடு நிற்கும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டாள்.

ஆறாவது இடம் நான் உட்கார்ந்திருந்த இடம்.

அங்கே அவள் உண்மையிலேயே பேரம் பேசத்தான் பாதிக்கும் கீழே கேட்டாள். நாங்கள் சிரித்தோம். வெளியே வந்து கூடையைத் தலையில் வைக்கும்போது காது சுட்டது. ஆனால் நாலு அடி நடந்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. குறைத்துக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்தால் கோபித்துக்கொண்டு வந்துவிடலாம். யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஏழாவது இடத்தில் வேண்டுமென்றே கேட்டாள். சிரித்தார்கள். வந்துவிட்டாள்.

[நான் வெட்கப்பட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத ஒன்றை, அவள் ஒரு வாரத்தில் வேலைக்கு உதவும் சாமானாக மாற்றிவிட்டாள். அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று இந்த இடத்தில் யோசித்தேன். பிறகு டீ குடித்துவிட்டு வந்து தொடர்ந்தேன்.]

எனக்கு நெருடியது ஜெயசித்ராதான். ஐந்து மாதம் ஒரு பெண் இப்படிப் பொறுமையாக இருப்பாளா? ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லையே? பாத்திரம் பலவீனமாக இருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். ஆவணி பிறந்ததும் அவள் ஒரு வேலை செய்தாள். என்னைக் கேட்காமல்தான் செய்தாள். அடுத்த இடத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

6

எட்டாவது இடம் லாஸ்பேட்டையில். மாடியில் இரண்டே அறைகள். பெயர்ப்பலகை புத்தம் புதிது. டாக்டர் சிவசங்கரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஜெயசித்ராவின் வாயைப் பார்த்தாள், நிதானமாகப் பேசினாள், ஐஸ் கேள்விக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். எக்ஸ்ரே, பிடுங்குவது, முறுக்குவது, தகடு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் என்றாள். ஐஸே இல்லாத மீன். அம்மாவுக்கும் தெரிந்தது, மகளுக்கும் தெரிந்தது. ஜெயசித்ரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பாக்யலட்சுமிக்கு வேறு வழி இல்லை. "பதினெட்டுக்குப் போடும்மா," என்றாள்.

சிரிப்புக்காகக் காத்திருந்தாள். செருப்பைக் காலால் தேடிக்கூட வைத்துக்கொண்டாள். சிவசங்கரி சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பேனாவை மூடினாள், திறந்தாள்.

"சரிம்மா. பதினெட்டுக்கே போட்டுடலாம். நாளைக்கிப் பத்து மணிக்கி வந்துடுங்க."

[ஒரு டாக்டர் எதற்காக இப்படிச் சம்மதிக்க வேண்டும் என்று விமரிசகர்கள் கேட்பார்கள். புது இடம், ஆள் வரவில்லை, ஒரு பல் நன்றாக வந்தால் அதைப் பார்த்துப் பத்துப் பேர் வருவார்கள் என்று காரணம் எழுதினேன். அதை நம்பினால் நம்புங்கள். உண்மைக் காரணம் நான். இன்னொரு தடவை அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதை என்னால் எழுத முடியவில்லை.]

முதலில் இதற்குமேல் இப்படி எழுதியிருந்தேன்: "பாக்யலட்சுமி எழுந்தாள். சும்மா கேட்டுப் பார்த்தேன் டாக்டரம்மா, அப்புறம் வரேன் என்று சொல்லிவிட்டு மகளோடு படியிறங்

இதை அடிக்க வைத்தவள் அன்னக்கிளி. எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் கொண்டுவருகிறவள். மீன் விவகாரத்தில் தப்பு வந்துவிடக் கூடாதே என்று, அவள் வாசற்படியில் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் தேய்க்கும்போது எழுதியவரைக்கும் படித்துக் காட்டினேன். கத்தி நின்றுவிட்டது.

"அது எப்பிடிண்ணே எழுந்து வருவா? அவ கேட்ட வெலைக்கி அந்தம்மா குடுத்துட்டாங்க இல்ல?"

அவளுக்கு வேண்டாமே, வேண்டாம் என்பதற்காகத்தானே அப்படிக் கேட்டாள் என்று விளக்கினேன்.

"வேணாம்னா வாயத் தொறந்து வெலை கேக்கக் கூடாது. கேட்டது படிஞ்சிட்டா எடுத்துதான் ஆவணும். அப்பிடி எடுக்காம வந்தவகிட்ட நாளைக்கி எவ யாவாரம் பண்ணுவா?" என்றாள். ஒரு தடவை விளையாட்டாக முழு வஞ்சிரத்தைக் கால் விலைக்குக் கேட்டாளாம். விற்றவள் என்ன கோபத்தில் இருந்தாளோ, எடுத்துக்கோ என்று தள்ளிவிட்டாளாம். அன்று வீட்டில் நல்ல காரியம் எதுவும் இல்லை, வெயில் வேறு. ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் வந்தாளாம். இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் ஏன் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மீனை எடுத்தாள்.

அவள் போன பிறகு அந்த வரியை அடித்தேன். பாக்யலட்சுமியைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவள் தப்பிக்கும் ஒரே வழியை நான் அடைத்திருக்கிறேன். அவளுடைய தொழிலின் சட்டம் அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பல்லில் கம்பி ஏறும்.

7

ஸ்கூட்டரை ஜெயசித்ரா ஓட்டினாள். பாக்யலட்சுமி பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் வெயில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வழக்கம்போல நெரிந்துகொண்டிருந்தன. மகளுக்குத்தான் பேசாமல் வர முடியவில்லை.

"உன்னையும் மடக்க ஒருத்தி வந்துட்டா பாத்தியா," என்று சொல்லிச் சிரித்தாள்.

ஸ்கூட்டர் கண்ணாடியில் அந்தச் சிரிப்பு தெரிந்தது. கன்னம், மேலுதடு, பல். பாக்யலட்சுமி சட்டென்று சாலையோரத்து இளநீர்க் குவியலைப் பார்த்தாள்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். கண்ணாடியில் மகளின் முகம் அவளுக்குத் தெரிந்தால், அவள் முகம் மகளுக்கும் தெரியும்.

ஜெயசித்ரா வண்டியை ஓரங்கட்டி, ஒரு புங்கமர நிழலில் நிறுத்தினாள். இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"இதுக்குதாம்மா."

எதற்கு என்று பாக்யலட்சுமி கேட்டாள்.

"நான் சிரிச்சா நீ என்னப் பாக்க மாட்டற. அப்பா போனதுலேர்ந்து. மொதல்ல நான் எதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன். அப்புறம்தான் கண்ணாடி பாத்து, இது அப்பா பல்லுன்னு தெரிஞ்சிகிட்டேன். அந்தப் பல்லு போயிட்டா நீ பாப்ப இல்ல? அதுக்குதான் கேட்டேன்."

[ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்பை அழித்தேன். ஐந்து மாதம் அவள் பொறுத்துக்கொண்டது அம்மாவுக்காக. அவளுக்கு அந்தப் பல்மேல் ஒரு விரோதமும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே பல்லை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் மருகியிருக்கிறார்கள். நான்தான் பாத்திரம் பலவீனம் என்று எழுதினேன்.]

8

முடிவு.

முதலில் எழுதியது: கிளிப் போடுகிறார்கள். ஒன்றரை வருடம் ஓடுகிறது. பல் வரிசைக்குள் போகிறது. ஜெயசித்ரா சிரிக்கிறாள், உதடு உடனே இறங்குகிறது. அம்மா அவளைக் கண் நிறையப் பார்க்கிறாள், ஆனால் பார்ப்பதற்கு அங்கே

[முடிக்க மனசு வரவில்லை.]

இரண்டாவதாக எழுதியது: பல் அப்படியே இருக்கட்டும் என்று இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

[சாலையில், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி எப்படிக் கட்டிப்பிடிப்பது? தவிர, பதினெட்டுக்குச் சம்மதித்த சிவசங்கரி நாளைக் காலை பத்து மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருப்பாளே, அவளுக்கு என்ன பதில்? அன்னக்கிளி என்னை விடமாட்டாள்.]

அதனால் புங்கமர நிழலுக்கே திரும்பிப் போனேன்.

பாக்யலட்சுமி வண்டியிலிருந்து இறங்கினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மகளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"சிரி. நான் பாக்குறேன்."

சொன்னவுடன் சிரிப்பு வருமா? ஜெயசித்ராவுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு நின்றது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். பாக்யலட்சுமி ஒரு கணம் யோசித்தாள். இருபத்தாறு வருடம் ஏலம் கேட்டிருக்கிறாளே தவிர, ஒரு நாளும் அவள் ஏலம் விட்டதில்லை. இடுப்பில் கையை வைத்தாள். தொண்டையைச் செருமினாள். அய்யப்பன் கூவுவது போலவே, மூக்கால் பாதி, தொண்டையால் பாதியாக இழுத்தாள்.

"பதினெட்டாயிரம் ஒரு தரோம்..."

இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளோடு திரும்பிப் பார்த்தார். ஜெயசித்ராவின் கன்னம் துடித்தது. வேண்டாம்மா, ரோடும்மா என்று முனகினாள்.

"பதினெட்டாயிரம் ரெண்டு தரோம்..." துண்டு இல்லாததால் முந்தானையை உதறினாள். இருமினாள். தூரத்தில் இல்லாத படகைக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

ஜெயசித்ரா சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய, வண்டி ஆடும்படி சிரித்தாள். சிரிப்பு முடிந்தது. உதடு இறங்கவில்லை, இடதுபக்கத் தெத்துப்பல்லில் மாட்டி நின்றது. பாக்யலட்சுமி வேறு எங்கும் பார்க்கவில்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். உதடு இறங்கும்வரை பார்த்தாள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தாள். அது அய்யப்பனின் பல்தான். ஆனால் அதைச் சுற்றியிருந்த முகம் முழுக்க அவள் மகளுடையது. இதை அவள் இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை.

பிறகு சாதாரணக் குரலில் பேசினாள்.

"மூணாந்தரம் நீதான் சொல்லணும். பல்லு உன்னுது. இருந்தாலும் பாப்பேன், இல்லாட்டியும் பாப்பேன். நீ சொன்னன்னா நாளைக்கிப் பத்து மணிக்கி நானே கூட வரேன். சொல்லலன்னா அந்த டாக்டரம்மா முன்னால நானே போயி நிக்கிறேன். கேட்டுட்டு எடுக்காதவன்னு பேரு வந்தா எனக்கு வரட்டும்."

ஜெயசித்ரா அம்மாவைப் பார்த்தாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

9

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது போல நடிக்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் மூன்றாம் தரத்தை எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் குரலாகவே இருந்தது, அவள் குரலாக இல்லை. அந்தப் பல்லுக்கு விலை கேட்டவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் கூட்டத்தில் இருந்தவன் நான். அதற்கு விலை முடிக்கும் உரிமை எனக்கு இல்லை.

ஒருவேளை உங்களுக்கு அந்த உரிமை இருக்கலாம். நீங்கள் அன்று அந்த அறையில் இல்லை, அவள் அம்மாவைப் பார்த்து நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டு தரம் கூவியாகிவிட்டது. புங்கமர நிழல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திறந்த வாயில் அந்தப் பல் தெரிகிறது.

மூன்றாவதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். துண்டை உதறுங்கள், இருமுங்கள், படகைப் பாருங்கள். அவள் அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.